டின் சூரை மீன் கட்லட் வாணலியில் திருப்பும்போது உடைந்துவிடுகிறது: எங்கே தவறுகிறேன்?

#1 அரைக்கரண்டி

அனைவருக்கும் வணக்கம். டின்னில் வரும் சூரை மீனைக் கொண்டு கட்லட் செய்ய மூன்று முறை முயன்றேன்; மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் தவறியது. கையில் உருட்டித் தட்டும்போது வடிவம் நன்றாகவே நிற்கிறது. அடிப்பக்கம் சிவந்திருக்கும் என்று எண்ணித் தட்டைக்கரண்டியை அடியில் செலுத்தினால், நடுவில் விரிசல் விட்டு, பாதி கரண்டியிலும் பாதி எண்ணெயிலுமாகப் பிரிந்துவிடுகிறது. சுவையில் குறை சொல்ல முடியாது. உதிர்ந்ததையும் வீட்டில் விரும்பியே உண்கிறார்கள். ஆனாலும் வட்டமாக, இருபுறமும் பொன்னிறமாக, கையில் எடுத்துக் கடிக்கும்படியான கட்லட் ஒன்றையாவது தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் செய்யும் முறையை எழுதுகிறேன். தண்ணீரில் அடைத்த 185 கிராம் டின் இரண்டைத் திறந்து, மூடியாலேயே அழுத்தி நீரை வடிக்கிறேன். அதனுடன் ஒரு பெரிய வெங்காயத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் பொடியாக நறுக்கிச் சேர்த்து, உப்பு, மிளகுத்தூள், அரை எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித்தூள் ஆகியவற்றையும் இட்டுப் பிசைந்து, உடனே தட்டி வாணலியில் இடுகிறேன். மூன்றாவது முறை, இறுக்கமாகப் பிடிக்கட்டும் என்று முட்டையை இரண்டாக்கினேன். அப்போது முன்னைவிட மோசமாக உடைந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

#2 நீராவி

வணக்கம் அரைக்கரண்டி. முக்கியமான துப்பை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முட்டையைக் கூட்டியதும் நிலைமை மோசமானது என்றால், உங்கள் கலவையில் ஈரம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். பிடிமானம் குறைவதும் அந்த ஈரத்தால்தான்.

பச்சை மீனுக்கும் டின் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடுவோம். பச்சை மீனின் தசையில் மயோசின் என்ற புரதம் இருக்கிறது. உப்புச் சேர்த்து மீனை அரைக்கும்போது அது தசையிலிருந்து வெளிப்பட்டுப் பசைபோல ஒட்டும். சூடு பட்டதும் இறுகி, தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பச்சை மீன் விழுதை முட்டையோ மாவோ இல்லாமலே உருண்டை பிடித்து வேகவைக்க முடிகிறது. டின் மீனிடம் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது. சூரை மீனைப் பெரும்பாலும் முதலில் ஆவியில் வேகவைத்து, தோலையும் முள்ளையும் கருஞ்சதையையும் நீக்கி, டின்னில் அடைத்து மூடிய பிறகு, அழுத்தக் கலனில் ஏறத்தாழ 115 முதல் 121 ℃ வரையிலான சூட்டில் மீண்டும் வேகவைக்கிறார்கள். ஆக, நம் கைக்கு வரும்போதே அந்த மீன் இரண்டு முறை வெந்து, அதன் புரதம் இறுகி முடிந்திருக்கிறது. இனி எவ்வளவு பிசைந்தாலும் அது பிசுபிசுக்காது. அதிகம் பிசைந்தால் நார் நாராகப் பிரிந்து ஈரத்தைத்தான் கக்கும்.

எனவே பிடிமானம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு 62 ℃ அளவில் இறுகத் தொடங்குகிறது. ரொட்டித்தூளிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள மாவுச்சத்து ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. மீனின் நார்களுக்கிடையில் ஏற்கெனவே தண்ணீர் நின்றால், முட்டை நீர்த்துப்போய்த் தளதளவென்று இறுகும். அடிப்பக்கம் முறுகுவதும் தாமதமாகும், ஏனென்றால் ஈரம் இருக்கும் வரை அந்தப் பரப்பின் சூடு 100 ℃ஐத் தாண்டுவதில்லை. உள்ளே உருவாகும் ஆவி வெளியேற வழி தேடி விரிசல் விடுகிறது. முட்டையிலேயே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். இரண்டாவது முட்டையை உடைத்து ஊற்றியபோது, பிடிமானத்தைவிட ஈரத்தைத்தான் அதிகம் சேர்த்திருக்கிறீர்கள்.

உங்கள் முறையில் ஈரம் நான்கு வழிகளில் உள்ளே வருகிறது. முதலாவது டின். மூடியால் அழுத்தினால் சுற்றியுள்ள நீர் மட்டுமே வடியும். நார்களுக்குள் இருப்பது அப்படியே தங்கிவிடும். வடித்த மீனை ஒரு மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி, நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கிப் பிழியுங்கள். முதலில் நீர் ஒழுகும், பிறகு சொட்டும், பிறகு கை வலிக்கும் அளவுக்கு முறுக்கினால்தான் ஒரு சொட்டு வரும். அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். நான் பிழியும்போது ஒரு டின்னுக்கு ஒன்றரை முதல் இரண்டு மேசைக்கரண்டி வரை இப்படி இறங்குகிறது. துணியைத் திறந்து பார்த்தால் மீன் மரத்தூள்போல உதிரியாக இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம், நமக்கு வேண்டிய நிலை அதுதான்.

இரண்டாவது வெங்காயம். உப்புப் பட்டதும் அது நீர் விடும். நீங்கள் தட்டும்போது உலர்ந்திருப்பதுபோலத் தோன்றும் கலவை, வாணலிக்குப் போவதற்குள் கசியத் தொடங்கும். நறுக்கிய வெங்காயத்தைச் சிறிது எண்ணெயில் வதக்கி ஆறவிட்டுச் சேர்க்கலாம், அல்லது உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துக் கையால் பிழிந்து சேர்க்கலாம். பாதி வெங்காயம் போதும். துண்டுகள் அரிசி மணி அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய துண்டு ஒவ்வொன்றின் ஓரமும் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும்.

எலுமிச்சைச் சாற்றைக் கலவையில் சேர்க்காமல், உண்ணும்போது மேலே பிழிந்துகொள்ளுங்கள். மணம் வேண்டுமென்றால் தோலின் மஞ்சள் பகுதியைத் துருவிக் கலக்கலாம். முட்டை ஒன்றே போதும்.

ரொட்டித்தூள் மட்டும் உங்கள் அளவில் மிகக் குறைவு. இரண்டு டின் மீனுக்கு உலர்ந்த தூள் ஆறு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 40 கிராம் வேண்டும். கலந்ததும் தட்டாமல் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். தூள் ஈரத்தைக் குடித்து ஊறுவதற்கு அந்த நேரம் தேவை.

#3 அரைக்கரண்டி

விரிவான விளக்கத்திற்கு மிக்க நன்றி, நீராவி. நான் பிழியாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மீன் வறண்டு, கடிக்கும்போது தொண்டையை அடைக்குமோ என்று அஞ்சினேன். அவ்வளவு நீரையும் எடுத்துவிட்டால் கட்லட் சக்கைபோல ஆகிவிடாதா? மேலும், எண்ணெயில் அடைத்த டின் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

#4 கடலோசை

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாக இரண்டு வகை டின்களிலும் செய்து பார்த்துவருகிறேன்.

வறண்டுபோகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் நீரை விட்டுவைப்பதால் வறட்சி தீராது, அந்த நீர் வாணலியில் ஆவியாகித்தான் போகப்போகிறது. வாயில் மென்மையைத் தருவது கொழுப்பு. தண்ணீர் டின் என்றால், பிழிந்த மீனுடன் இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ் சேருங்கள். மயோனைஸ் என்பது எண்ணெயை முட்டை மஞ்சள்கருவில் நுண்துளிகளாகப் பிரித்து நிறுத்திய கலவை. அதனால் சூட்டில் எளிதில் ஒழுகிவிடாமல் உள்ளேயே தங்கும். அது இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் போதும்.

எண்ணெய் டின்னில் நார்கள் மென்மையாகவும் சுவை ஆழமாகவும் இருக்கும். அதையும் வடிக்கத்தான் வேண்டும். ஆனால் துணியில் முறுக்கிப் பிழிய வேண்டியதில்லை, வடிதட்டில் பத்து நிமிடம் வைத்து ஒரு கரண்டியால் அழுத்தினால் போதும். வடிந்த எண்ணெயை வீணாக்காமல் வெங்காயம் வதக்கப் பயன்படுத்துகிறேன். மீனின் மணம் வெங்காயத்திலும் ஏறிவிடும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகையால் எண்ணெய் டின்னை வடித்துக் கொட்டிவிட்டால் அந்தக் கொழுப்பில் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடும். உடல்நலம் கருதி மீன் உண்பவர்கள் ஒன்று அந்த எண்ணெயைச் சமையலில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது தண்ணீர் டின்னை வாங்க வேண்டும்.

உப்புநீரில் அடைத்த மூன்றாவது வகையும் உண்டு. அதை வாங்கினால், பிழிந்த மீனைச் சுவைத்துப் பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள். பெரும்பாலும் தனியாக உப்பே தேவைப்படாது.

டின்னுக்குள் இருக்கும் வடிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுத்துண்டு, சிறுதுண்டு, உதிரி என்று தரம் பிரித்து விற்கிறார்கள். கட்லட்டுக்கு முழுத்துண்டு வாங்குவது வீண். எப்படியும் உதிர்க்கத்தான் போகிறோம். ஆனால் மிக நுண்ணிய உதிரி வகை ஈரத்தை அதிகம் பிடித்து வைத்திருப்பதோடு, வெந்த பின் மாவுபோன்ற பதத்தைத் தருவதால், சிறுதுண்டு வகையையே நான் தேர்ந்தெடுக்கிறேன். அதை முள்கரண்டியால் உதிர்த்தால், கடிக்கும்போது மீன் என்று தெரியும் அளவுக்கு நார் எஞ்சும்.

வீட்டில் கருவுற்றவர்களோ சிறு குழந்தைகளோ இருந்தால், எந்தச் சூரை என்றும் பாருங்கள். அல்பகோர் என்னும் வெள்ளைச் சூரை, ஸ்கிப்ஜாக் என்னும் வரிச்சூரையைவிடப் பெரிதாக வளர்ந்து நீண்ட காலம் வாழ்வதால் அதன் உடலில் பாதரசம் அதிகம் சேர்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அட்டவணையில், டின் அல்பகோரில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.350 பங்கும், பெரும்பாலும் ஸ்கிப்ஜாக்கைக் கொண்ட 'லைட்' வகையில் 0.126 பங்கும் பாதரசம் உள்ளதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களின் அறிவுரைப்படி, கருவுற்றவர்கள் 'லைட்' வகையை வாரத்துக்கு இரண்டு, மூன்று வேளை உண்ணலாம். அல்பகோர் என்றால் ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்லட்டுக்கு ஸ்கிப்ஜாக்கே சுவையில் எடுப்பாகவும் இருக்கும் என்பதால் இதில் நமக்கு இழப்பில்லை.

#5 மாவுக்கை

எல்லோரும் முட்டையையும் ரொட்டித்தூளையும் வைத்தே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு முட்டை ஒவ்வாது என்பதால், நான் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பிச் செய்கிறேன், ஒன்றுகூட உடைவதில்லை. ஆனால் கிழங்கை வேகவைக்கும் விதத்தில் கவனம் வேண்டும்.

கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைக்க வேண்டும். தோலைச் சீவித் துண்டாக்கி வேகவைத்தால், வெட்டிய பக்கங்கள் வழியே தண்ணீர் புகுந்து, நாம் மீனில் பிழிந்து எடுத்த ஈரத்தைக் கிழங்கு திருப்பிக் கொண்டுவந்துவிடும். வெந்ததும் தோலை உரித்து, சூடாக இருக்கும்போதே மசித்து, அகலமான தட்டில் பரப்பி ஆவியை வெளியேற விடுங்கள். கையாலோ மத்தாலோ மசியுங்கள். மிக்ஸியில் ஒருபோதும் போடாதீர்கள். சுழலும் கத்தி கிழங்கின் அறைகளைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடும். மசியல் கோந்துபோல இழுபட்டு, பொரித்தாலும் உள்ளே பிசினாகவே இருக்கும். மாவுத்தன்மை மிகுந்த, வெந்தால் வெடித்து உதிரும் வகைக் கிழங்கே இதற்கு ஏற்றது.

முற்றிலும் ஆறிய பிறகே மீனைச் சேருங்கள். மாவுச்சத்து ஆறும்போது இறுகும். முந்தைய நாள் வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிழங்கு, அன்று வேகவைத்ததைவிட உறுதியாகப் பிடிக்கும். பிழிந்த மீன் இரண்டு பங்கு, மசியல் ஒரு பங்கு, இரண்டு டின்னுக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. இதுவே என் அளவு.

#6 நீராவி

மாவுக்கை அவர்கள் சொன்ன அளவில் எனக்கு முழு உடன்பாடு. வழக்கமாக வரும் குறிப்புகளில் மீனுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ கிழங்கைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் அது மீன் மணம் வீசும் கிழங்குக் கட்லட்டாகத்தான் இருக்கும்.

முட்டையா, கிழங்கா என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முட்டையும் ரொட்டித்தூளுமே என் தேர்வு. கிழங்குக் கட்லட்டின் உட்புறம் மென்மையாக, ஒரே சீராக இருக்கும். முட்டைக் கட்லட்டில் மீனின் நார்கள் தனித்தனியாக நாக்கில் தட்டுப்படும். டின் மீனை வாங்குவதே அந்த நாருக்காகத்தான் என்று நினைப்பவன் நான். ஒவ்வாமை உள்ள வீட்டில் இந்தத் தேர்வுக்கு இடமில்லை என்பதையும் மதிக்கிறேன். அத்தகைய வீடுகளில் டின்னின் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சில டின்களில் சுவைக்காகக் காய்கறிச் சாறு என்ற பெயரில் சோயாவிலிருந்து எடுத்த பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். மயோனைஸிலும் முட்டை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

#7 வாணலிவாசம்

கலவையைப் பற்றி எல்லாம் பேசியாயிற்று; வாணலியைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. சரியான கலவையையும் அடுப்பில் கெடுக்க முடியும், நானே பலமுறை கெடுத்திருக்கிறேன். அரைக்கரண்டி அவர்களின் முதல் பதிவில் 'சிவந்திருக்கும் என்று எண்ணித் தட்டைக்கரண்டியைச் செலுத்தினால்' என்று ஒரு வரி வருகிறது. அந்த எண்ணத்தில்தான் பாதிச் சேதம் நேர்கிறது.

கட்லட் வாணலியில் பட்ட முதல் ஓரிரு நிமிடங்களில் அதன் புரதம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். அந்நேரத்தில் கரண்டியை நுழைத்தால் அடித்தோல் வாணலியிலேயே தங்கிவிடும், மேல்பகுதி மட்டும் கரண்டியோடு வரும். பொறுத்திருந்தால் அடிப்பரப்பின் ஈரம் வற்றி, சூடு 140 ℃க்கு மேல் ஏறி, பழுப்பு நிற மேலோடு உருவாகும். அந்த மேலோடு முழுமையடைந்ததும் கட்லட் பெரும்பாலும் தானாகவே வாணலியை விட்டு விலகும். ஆகவே கடிகாரத்தைவிட இரண்டு அடையாளங்களை நம்புங்கள். கட்லட்டின் அடிவிளிம்பில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று வெளியே தெரிய வேண்டும். வாணலியின் பிடியைப் பிடித்து லேசாக அசைத்தால் கட்லட் வழுக்கி நகர வேண்டும். இவை இரண்டும் தெரியும் வரை தொடாதீர்கள். மிதமான தீயில் இதற்கு மூன்று முதல் நான்கு நிமிடம் ஆகும்.

எண்ணெய் ஊற்றும் முன் வாணலி சூடாக வேண்டும். வார்ப்பிரும்பு வாணலி என்றால் மிதமான தீயில் ஐந்து நிமிடமாவது காயட்டும். பரப்பு முழுவதும் மெல்லிய படலமாக நிற்கும் அளவுக்கு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கலவையில் ஒரு கடுகளவு கிள்ளிப் போடுங்கள். உடனே சுற்றிலும் குமிழி எழுந்து சலசலத்தால் பதம் சரி. ஓசையின்றி அமிழ்ந்தால் இன்னும் காய வேண்டும். போட்டதும் கருகினால் தீயைக் குறைத்துச் சிறிது காத்திருங்கள். நான்ஸ்டிக் வாணலியை மட்டும் வெறுமையாக அதிக நேரம் காய விடாதீர்கள். எண்ணெயோடு சேர்த்தே மிதமான தீயில் சூடாக்குங்கள்.

ஒரே நேரத்தில் வாணலி நிறைய அடுக்கக் கூடாது. இடைவெளி இல்லையென்றால், வெளியேறும் ஆவி அடுத்த கட்லட்டின் பக்கத்தை நனைத்து, பொரிவதற்குப் பதிலாக அவிந்துவிடும். 26 செ.மீ. வாணலியில் நான்குக்கு மேல் நான் இடுவதில்லை.

அளவும் முக்கியம். 6 செ.மீ. அகலமும் 1.5 செ.மீ. தடிமனும் எனக்குச் சரியாக வருகின்றன. அதைவிட அகலமாகத் தட்டினால், திருப்பும்போது கரண்டியின் விளிம்புக்கு வெளியே தொங்கும் பகுதி தன் கனத்தாலேயே முறிந்துவிடும். தட்டி முடித்ததும் உள்ளங்கையைக் குவித்து, ஓரத்தைச் சுற்றி உருட்டிச் சமப்படுத்துங்கள். ஓரத்தில் முடி அளவு விரிசல் இருந்தாலும் வாணலியில் அது வாய் பிளக்கும். கையை நனைத்துக்கொண்டு தட்டினால் ஒட்டாது. ஆனால் கையை உதறிவிட்டுத் தட்டுங்கள்.

திருப்புவதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். மெல்லிய, அகலமான தட்டைக்கரண்டியை முழு அடியும் அதன்மேல் ஏறும்வரை கிடைமட்டமாகச் செலுத்தி, மேலே ஒரு கரண்டியின் முதுகை லேசாக வைத்துத் தாங்கியபடி, உயரத் தூக்காமல், வாணலியின் பரப்பை ஒட்டியே சாய்த்துக் கவிழ்க்க வேண்டும். ஒருமுறை மட்டுமே திருப்புங்கள். இரண்டாம் பக்கம் இரண்டு மூன்று நிமிடத்தில் சிவந்துவிடும். மீன் ஏற்கெனவே வெந்தது. உள்ளே வேக வேண்டியது முட்டை மட்டும்தான். முட்டை சேர்ந்த உணவு நடுவில் 71 ℃ சூட்டை எட்டினால் பாதுகாப்பானது என்பது பொதுவான அளவு. 1.5 செ.மீ. தடிமனுள்ள கட்லட் இருபுறமும் நன்றாகச் சிவப்பதற்குள் நடுப்பகுதியும் வழக்கமாக அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஐயமிருந்தால் ஒன்றைப் பிட்டு, நடுவில் ஈர முட்டை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

#8 முதல்படி

இந்த இழையைப் படித்துவிட்டு இன்று முதன்முறையாகச் செய்யத் தொடங்கினேன். துணியில் பிழிந்து உதிர்க்கும்போது விரலில் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால், அரிசியில் பாதியளவு, நிறமற்ற, பளபளக்கும் ஒரு துண்டு. பார்ப்பதற்குக் கண்ணாடிச் சில்லு போலவே இருக்கிறது. அச்சத்தில் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டேன். டின் முழுவதையும் எறிந்துவிடுவதா?

#9 கடலோசை

முதல்படி, பொறுங்கள், இன்னும் எறிய வேண்டாம். அது ஸ்ட்ரூவைட் என்னும் படிகமாக இருக்க வாய்ப்பு அதிகம். மீனிலேயே உள்ள மெக்னீசியமும் பாஸ்பேட்டும், சூட்டில் புரதம் சிதைவதால் வரும் அம்மோனியாவும் சேர்ந்து, டின் மெதுவாக ஆறும்போதும் கிடங்கில் இருக்கும்போதும் இப்படிப் படிகமாக வளர்வதுண்டு. அது தீங்கற்றது. இதைத் தடுக்கத்தான் சில டின்களில் பைரோபாஸ்பேட் சேர்க்கிறார்கள். பட்டியலில் அந்தப் பெயரைக் காணலாம்.

உறுதி செய்வதற்கு எளிய வழி உண்டு. அந்தத் துண்டை ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, வினிகர் ஊற்றி, சில நிமிடம் மெல்லச் சூடாக்குங்கள். ஸ்ட்ரூவைட் என்றால் சுருங்கிக் கரைந்துவிடும். கண்ணாடி கரையாது. கரையவில்லை என்றால் மீனை உண்ணாமல், டின்னையும் துண்டையும் பத்திரப்படுத்தி, தயாரித்தவர்களுக்குத் தெரிவியுங்கள்.

பேச்சு வந்துவிட்டதால் உண்மையில் அஞ்ச வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். உப்பிய டின், திறக்கும்போது பீறிடும் டின், மடிப்பு விளிம்பில் ஆழமாக நசுங்கிய டின் ஆகியவற்றைச் சுவைத்துப் பார்க்காமலே அப்புறப்படுத்த வேண்டும். பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சுக்கு அவை இடமாகலாம், அது மணத்தில் தெரியாது. இன்னொன்று ஹிஸ்டமின் என்னும், ஒவ்வாமை போன்ற நச்சுணர்வைத் தரும் பொருள். மீன் பிடிக்கப்பட்ட பிறகு போதிய குளிரில் வைக்கப்படாவிட்டால் சூரை வகைகளில் இது உருவாகிறது. டின்னில் அடைக்கும்போது ஏறும் சூட்டிலும் நம் வாணலியிலும் அழியாது. மிளகு சேர்க்கும் முன்பே மீன் நாக்கில் காரமாகச் சுரீரென்று குத்தினால், அந்த டின்னை அத்துடன் விட்டுவிடுங்கள்.

#10 முதல்படி

கரைந்துவிட்டது! சூடான வினிகரில் முதலில் ஓரங்கள் மழுங்கின. சிறிது நேரத்தில் கிண்ணத்தில் ஒன்றுமே இல்லை. மிகுந்த நன்றி, கடலோசை. மீண்டும் அடுப்படிக்குச் செல்கிறேன்.

#11 அரைக்கரண்டி

நேற்று மாலை நீங்கள் அனைவரும் சொன்னபடியே செய்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு டின்னையும் வடித்துத் துணியில் முறுக்கினேன். டின்னில் வடித்தது போக, துணியிலிருந்து மட்டும் ஒரு சிறிய காப்பிக் கோப்பையில் பாதி அளவுக்கு நீர் சேர்ந்தது. அவ்வளவு நீரையும் இதுநாள் வரை கட்லட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் பொரித்திருக்கிறேன் என்பதைக் கண்ணால் பார்த்தபோது, முட்டையைக் கூட்டியது ஏன் உதவவில்லை என்பது முழுமையாக விளங்கியது. பாதி வெங்காயத்தை வதக்கி ஆறவைத்து, மிளகாய், மிளகுத்தூள், எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ், ஆறு மேசைக்கரண்டி ரொட்டித்தூள் சேர்த்துக் கலந்தேன். மீனைச் சுவைத்துப் பார்த்ததில் உப்புப் போதுமானதாக இருந்தது. கலந்தவுடன் பார்த்தபோது தளர்வாகத்தான் இருந்தது. இன்னும் தூள் சேர்க்கலாமா என்று கை பரபரத்தது. சேர்க்காமல் அரை மணி நேரம் குளிரில் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது, விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும் பதத்துக்கு வந்திருந்தது. எட்டுக் கட்லட்டுகள் வந்தன.

முதல் நான்கை வாணலியில் இட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவது நிமிடத்தில் திருப்பிவிடத் தோன்றியது. வாணலிவாசம் சொன்ன பழுப்பு வளையம் தெரியவில்லை என்பதால் தொடவில்லை. நான்காவது நிமிடத்தில் வளையம் தெரிந்தது. பிடியை அசைத்தேன், மூன்று நகர்ந்தன, ஒன்று நகரவில்லை. நகர்ந்த மூன்றையும் திருப்பினேன், முழுதாக வந்தன. நகராததை இன்னும் அரை நிமிடம் விட்டேன், அதுவும் விலகியது. எட்டில் ஒன்றின் ஓரம் மட்டும் சிறிது உதிர்ந்தது. தட்டும்போதே அதில் விரிசல் இருந்ததைப் பார்த்தும் சமப்படுத்தாமல் இட்டுவிட்டேன்.

வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே ஈரப்பதத்தோடும் இருந்தது. வறண்டுபோகும் என்ற என் அச்சம் வீண். கடைசியாக ஒரு கேள்வி. அடுத்த முறை இரட்டிப்பு அளவில் செய்து பாதியைச் சேமித்து வைக்க விரும்புகிறேன். தட்டியதை உறைய வைப்பதா, பொரித்ததை உறைய வைப்பதா?

#12 மாவுக்கை

தட்டியதை உறைய வையுங்கள். பொரித்து உறைய வைத்தால் மேலோடு ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். ஒரு தட்டில் எண்ணெய்த்தாள் விரித்து, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, கல்லாக இறுகிய பின் உறையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால், இரண்டு மாதம் வரை சுவை குன்றாது. வதக்கிய வெங்காயம் சேர்த்திருக்க வேண்டும். பச்சை வெங்காயம் உருகும்போது நீர் விடும். பொரிக்கும் முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மாற்றிவிடுங்கள், மேலே கசிந்திருக்கும் ஈரத்தைத் தாளால் ஒற்றி, சிறிது ரொட்டித்தூளில் புரட்டி வாணலியில் இடுங்கள். பொரித்தவை மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்; சூடாக்கும்போது மீண்டும் வாணலியிலேயே, எண்ணெய் இல்லாமல், குறைந்த தீயில் சூடாக்குங்கள்.

#13 அரைக்கரண்டி

நன்றி, மாவுக்கை. வரும் ஞாயிறு நான்கு டின் எடுத்து, பாதியை முட்டையிலும் பாதியை உங்கள் கிழங்கு முறையிலும் செய்கிறேன். கிழங்கை முந்தைய நாளே வேகவைத்துவிடுகிறேன்.